கையால் பிடித்து அடிக்கும் லேசர் கறள் மெசின்: பாவிப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்

கோண்டாவில் கராஜ்
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். ஒரு மெசின் வாங்கிவிட்டேன், வாங்கிய பிறகுதான் பயம் வந்திருக்கிறது.

கையில் பிடித்துக் கறள் எடுக்கும் லேசர் மெசின். 1500 வாட், விட்டு விட்டு அடிக்காமல் தொடர்ந்து அடிக்கும் வகை, பின்தகட்டில் 1080 நனோமீற்றர் என்று போட்டிருக்கிறது. தண்ணீரில் குளிரவைக்கும் சில்லர் உள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு வரும் வேலையில் பாதி பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைத் தகடு வரை உரித்துத் திரும்பக் கட்டுவதுதான். இதுவரை கிரைண்டரில் கம்பித் தூரிகை போட்டுத்தான் கறள் எடுத்தோம், ஒரு ஒஸ்ரின் ஏ40 இன் அடிச்சட்டத்துக்கு மட்டும் இரண்டு பேர் ஒன்றரைக் கிழமை நிற்க வேண்டும், அந்தத் தூசியும் சத்தமும் சொல்லி முடியாது. அதனால்தான் வாங்கினேன்.

நேற்று முதல் தடவை போட்டோம். பிறேக் ட்ரம் ஒன்றில் அடித்தால் கறள் அப்படியே பறந்து போய் உள்ளே இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு ஒரு பம்பர். பாதி குரோம் நன்றாக இருந்தது, பாதி கறள். கறள் பக்கம் அடித்துக்கொண்டிருந்தேன், கை கொஞ்சம் விலகிக் குரோம் பக்கம் போனது. அந்த நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிளாஸ்டிக் எரியும் மணம் வந்து திரும்பிப் பார்த்தால், 2 மீற்றருக்கு அங்கால் கட்டியிருந்த நீலத் தறப்பாள் விரல் நீளத்துக்கு ஒரு கோடாக உருகிப் புகைகிறது. வேலை பழகும் பெடியன் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். பெட்டியில் வந்தது ஒரே ஒரு பச்சைக் கண்ணாடி, அது என் முகத்தில். அவன் வெறுங்கண்ணோடு நின்றான்.

இரவு நித்திரை வரவில்லை. விற்றவர் போனில் "ஒன்றும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறார்கள்" என்றார். கராஜ் மூன்று பக்கம் திறந்த கொட்டகை, பின்னால் கிடுகு வேலி, வேலிக்கு அங்கால் ஒழுங்கை, பின்னேரம் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அதால்தான் போவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லேத் ஐயா
ஞாயிறு, இரவு 9.58

தம்பி, முதலில் மெசின் சாவியைக் கழற்றி வீட்டுக்குள் வையும். பெடியனுக்குக் கண் எப்படி இருக்கிறது? அதைக் கேட்டு எழுதும். மற்றதெல்லாம் பிறகு.


கோண்டாவில் கராஜ்
ஞாயிறு, இரவு 10.15

கழற்றிவிட்டேன் ஐயா. அவனோடு இப்போதுதான் கதைத்தேன், ஒன்றும் வித்தியாசம் இல்லை என்கிறான். நாளைக்கு எப்படியும் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.


ரொறன்ரோ வெல்டர்
திங்கள், காலை 6.20

நான் பிறந்தது மானிப்பாய், இங்கே ஒரு பட்டறையில் லேசர் வெல்டிங்கும் கறள் எடுப்பும் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள், இந்த மெசினைப் பற்றி ஒருவரும் கடையில் சொல்லாதது இதுதான்.

1080 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. நுனியில் தெரியும் சிவப்புப் புள்ளி குறி பார்க்க மட்டும், வேலை செய்யும் கதிர் அது இல்லை. ஆனால் நமக்குத் தெரியாத அந்தக் கதிரைக் கண் மறிப்பதும் இல்லை. முன்பக்கக் கருவிழியும் வில்லையும் அதை உள்ளே விட்டு, விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும், குவியும்போது செறிவு ஒரு லட்சம் மடங்கு அளவில் கூடும். சூரியனைப் பார்த்தால் கண் தானாக மூடும், ஆனால் தெரியாத வெளிச்சத்துக்குக் கண் எப்படி மூடும்?

லேசர்களை ஆபத்தின்படி வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், கடைசி வகுப்பு 4. அது அரை வாட்டுக்கு மேல் தொடங்குகிறது. உங்களுடையது 1500 வாட். கூட்டங்களில் படம் காட்டப் பாவிக்கும் சிவப்பு லேசர் பேனா 5 மில்லிவாட்டுக்குள்தான் இருக்கும், அதையே கண்ணில் அடிக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், இது அதைப்போல் மூன்று லட்சம் மடங்கு. வகுப்பு 4 இல் நேர்க்கதிர் மட்டும் இல்லை, பளபளப்பான தகட்டில் பட்டுத் தெறிப்பதும், மங்கலான சுவரில் பட்டுச் சிதறுவதும் கூடக் கண்ணைக் கெடுக்கும். உங்கள் பம்பர் செய்தது அதுதான். தறப்பாளோடு போனதே பெரிய காரியம்.

அதனால் அறைக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும் கண்ணாடி வேண்டும், அடிப்பவருக்கு மட்டும் இல்லை. நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. பச்சைக் கண்ணாடி என்பதெல்லாம் ஒன்றுமில்லை, வில்லையிலோ சட்டத்திலோ அச்சடித்த எண்ணைப் படிக்க வேண்டும். எத்தனை நனோமீற்றரிலிருந்து எத்தனை வரை, அதற்குள் அடர்த்தி எவ்வளவு என்று இருக்கும். அடர்த்தி 7 என்றால் ஒரு கோடியில் ஒரு பங்குதான் உள்ளே விடும் என்று அர்த்தம். ஐரோப்பிய முறையில் செய்தது என்றால் ஈஎன் 207 என்ற தர எண்ணும், டி, எல்பி என்ற எழுத்துகளும் இருக்கும், டி என்றால் தொடர் கதிருக்குச் சோதித்தது, எல்பிக்குப் பக்கத்தில் இருக்கும் எண் பாதுகாப்பு அளவு. விட்டு விட்டு அடிக்கும் மெசின் வைத்திருப்பவர்கள் ஐ அல்லது ஆர் எழுத்தைப் பார்க்க வேண்டும். எந்த எண்ணும் இல்லாத கண்ணாடியைக் கண்ணாடி என்றே எடுக்காதீர்கள்.

அடுத்தது அறை. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். திறந்த கொட்டகையில் இந்த மெசினை அடிக்கவே கூடாது, அதுவும் ஒழுங்கைப் பக்கம் பிள்ளைகள் போகிற இடத்தில். கல்லுச் சுவர் அல்லது இரும்புத் தகடு, மேலே கூரை வரை இடைவெளி இல்லாமல். யன்னல் கண்ணாடி இந்தக் கதிரை அப்படியே வெளியே விடும், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடும் அப்படித்தான். தறப்பாளும் கிடுகும் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கதவில் ஒரு சுவிட்ச் வைத்து மெசினின் பூட்டுக் கம்பியோடு இணைக்க வேண்டும், யாராவது கதவைத் திறந்தால் கதிர் நிற்க வேண்டும். அனேக மெசினில் அதற்கென்று பின்னால் இரண்டு முனை இருக்கும், ஒரு துண்டுக் கம்பியால் குறுக்கே இணைத்து அனுப்பியிருப்பார்கள், அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு அதில்தான் கதவுச் சுவிட்ச்.


சுன்னாகம் ஒட்டு
திங்கள், காலை 11.05

அண்ணை சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு பயப்படுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நான் 4 மாதமாக 1000 வாட் மெசின் அடிக்கிறேன். வெல்டிங் தொப்பிதான், தானாகக் கறுக்கும் வகை, 11 ஆம் இலக்கம். கண் நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல கண்ணாடி ஒன்றின் விலைக்கு இங்கே ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு போகும். சின்னப் பட்டறை வைத்திருப்பவன் எங்கே போவான்? அறை கட்டு, கண்ணாடி மூன்று வாங்கு என்றால் மெசின் வாங்கினவன் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.


கண் பிரிவுத் தாதி
திங்கள், பிற்பகல் 1.30

தம்பி சுன்னாகம், கோபிக்காமல் வாசியுங்கள். வெல்டிங் செய்பவர்கள் இரவில் கண்ணில் மண் போட்டது போல இருக்கிறது என்று ஓடி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல். சிலர் வீட்டில் தாய்ப்பால் விட்டுவிட்டு வருவார்கள். (அதைச் செய்யாதீர்கள், கிருமி போகும்.) அது வெல்டிங்கின் ஊதாக்கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டதால் வருவது. வலி பயங்கரம், ஆனால் அந்தத் தோல் திரும்ப வளரும், பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

இந்த லேசர் அப்படி இல்லை. அது மேலே ஒன்றும் செய்யாமல் உள்ளே போய் விழித்திரையைச் சுடும், விழித்திரைக்கு வலி தெரியாது. கண் சிவக்காது, நீர் வராது. அதனால்தான் "கண் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற சொல்லை நான் நம்ப மாட்டேன். சுட்ட இடத்தில் தழும்பு வரும், தழும்பில் பார்வை திரும்பாது. ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி போனால் மற்றக் கண் அதை நிரப்பிக் காட்டும், வருடக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். நடுவில் விழுந்தால் வாசிக்கவும் முகம் பார்க்கவும் முடியாது.

வெல்டிங் தொப்பி வெல்டிங் வெளிச்சத்துக்குச் சோதித்தது. கறுக்கும் இலக்கம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைப் பற்றியது. இந்த அளவு லேசர் கதிர் பட்டால் தாங்கும் என்று யாரும் அதற்கு உறுதி தரவில்லை. பக்கத்தாலும் கீழாலும் திறந்தும் இருக்கிறது.

வீட்டில் ஒரு வேலை செய்து பாருங்கள். பிள்ளைகளின் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றில் நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். வாசிக்கும் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றதால் புள்ளியையே பாருங்கள். கோடுகள் எங்காவது வளைந்தோ, மங்கியோ, ஒரு கட்டம் காணாமலோ இருந்தால் அன்றைக்கே வாருங்கள். பிறகு மற்றக் கண். கோடு நேராக இருக்கிறது என்பதற்காகச் சேதம் இல்லை என்று முடிவு எடுக்கவும் கூடாது, கண்மணியை விரித்து உள்ளே பார்த்தால்தான் சரியாகத் தெரியும். இந்த வேலை தொடங்க முதலே ஒருமுறை அப்படிப் பார்த்துப் பதிந்து வைத்தால் பிறகு ஒப்பிடலாம்.

ஏதாவது பட்டது என்று சந்தேகம் வந்தால் கண்ணைக் கசக்காதீர்கள், சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள், உடனே போதனா வைத்தியசாலைக்கு வாருங்கள், சொந்தமாக வாகனம் ஓட்டி வராதீர்கள். வந்ததும் "வெல்டிங்" என்று சொல்லிவிடாதீர்கள், லேசர் என்று சொல்லுங்கள், எத்தனை நனோமீற்றர், எத்தனை வாட், எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள். மெசின் தகட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதுவே போதும்.

கோண்டாவில் தம்பி, பெடியனைக் காட்டினீர்களா?


கோண்டாவில் கராஜ்
திங்கள், மாலை 6.10

காட்டினோம் அக்கா. கண்மணியை விரித்துப் பார்த்தார்கள், இரண்டு கண்ணும் சுத்தம். என்னுடையதையும் பார்க்கச் சொன்னேன், அதுவும் சரி. அவனுடைய அம்மாவிடம் நடந்ததை நானே சொன்னேன். அது சொல்லாமல் இருக்க முடியாது.


சுன்னாகம் ஒட்டு
திங்கள், இரவு 8.45

அக்கா, கொப்பியில் பார்த்தேன், கோடு நேராகத்தான் இருக்கிறது. புதன்கிழமை வந்து உள்ளேயும் பார்க்கிறேன். கண்ணாடி வரும் வரை மெசினை நிற்பாட்டி வைத்திருக்கிறேன். விலையைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை, ஆனால் மெசினுக்கு அவ்வளவு கொடுத்தவன் கண்ணாடிக்கு அழக் கூடாது என்று என் மனைவியே சொல்லிவிட்டாள்.


கரண்ட் வேலை
திங்கள், இரவு 9.20

கோண்டாவில் தம்பி, மெசினை எந்தப் பிளக்கில் போட்டீர்? 15 அம்பியர் குண்டுப் பிளக்கில் என்றால் நிறுத்தும். 1500 வாட் என்பது வெளியே வரும் கதிரின் அளவு, உள்ளே இழுக்கும் கரண்ட் அதைப்போல் மூன்று மடங்கு அளவில் இருக்கும், அதோடு சில்லர், அதோடு கொம்பிரசர். எல்லாம் ஒன்றாக ஓடினால் 7 கிலோவாட்டைத் தொடும், வீட்டுக்கு வரும் 30 அம்பியர் ஒருமுனை இணைப்பின் முழுக் கொள்ளளவே அவ்வளவுதான். தனி பிரேக்கர், தனிக் கம்பி, தகட்டில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்ற தடிப்பு. முடிந்தால் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பியும்.

எர்த்தை அளந்து பாரும். எங்கள் பக்கம் ஓரிரு அடி மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், கோடையில் மேல்மண் காய்ந்தால் எர்த் குழாய் பேருக்குத்தான் நிற்கும். பழைய வீட்டு எர்த்தை நம்பி இந்த மெசினைக் கட்ட வேண்டாம். கரண்ட் நின்று வந்தால் சில்லர் ஓடித் தண்ணீர் சுற்றுவதைப் பார்த்த பிறகுதான் லேசரைத் திறக்க வேண்டும். நின்றவுடன் சாவியை மூடிவிடும், கரண்ட் வரும் நேரம் லேசர் அடிக்கும் துப்பாக்கி யார் கையில் இருக்குமோ தெரியாது.


மயிலிட்டிக் காற்று
செவ்வாய், காலை 7.15

தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன், நான் பட்டது. படகு இழுக்கும் ட்ரெயிலர், நங்கூரம், எஞ்சின் தாங்கி இவைகளுக்குக் கறள் எடுக்க மெசின் எடுத்தேன். சில்லருக்குத் தண்ணீர் விடு என்று எழுதியிருந்தது, நான் கிணற்றுத் தண்ணீரை விட்டேன். தெளிந்த தண்ணீர்தானே என்று நினைத்தேன். எங்கள் கிணறு எல்லாம் சுண்ணக்கல்லில் ஊறிய தண்ணீர், கேத்தலில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியும், அதே படிவு சில்லருக்குள்ளும் லேசருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்தது. மூன்றாம் மாதம் சூடு கூடிவிட்டது என்று எச்சரிக்கை அடித்து நின்றது. திறந்து பார்த்தவர் வடிகட்டியைக் காட்டினார், பச்சைப் பாசியும் சுண்ணாம்பும். நல்ல காலம், லேசர் தப்பியது.

இப்போது காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். பற்றரித் தண்ணீர் என்று விற்பதை வாங்கலாம், ஆனால் போத்தலில் அசிட் கலந்தது இல்லை என்று படித்துப் பார்த்து வாங்குங்கள், கரைந்த உப்பைக் காட்டும் பேனா மாதிரி மீற்றர் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அதைத் தொட்டுப் பார்த்துத்தான் நான் விடுகிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுதும் வடித்து மாற்றுகிறேன், வடிகட்டியையும் பார்க்கிறேன். கன நாள் பாவிக்காமல் வைப்பதென்றால் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் வைப்பேன்.

அடுத்தது வியர்வை. சோடாப் போத்தலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தால் வியர்க்கிறதே, அதேதான் லேசருக்குள்ளும் நடக்கும். சில்லரை 25 பாகையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். கடற்கரையில் காற்று 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் 26 பாகைக்குக் கீழே உள்ள எதுவும் வியர்க்கும். அதாவது 25 இல் ஓடும் ஒவ்வொரு குழாயும் உள்ளே நனையும், நனைந்த இடத்தில் மின்சாரமும் கண்ணாடிப் பரப்பும் இருக்கிறது. நான் மெசின் புத்தகம் விடும் அளவுக்குள் 28 க்கு ஏற்றி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வெப்பமும் ஈரப்பதனும் காட்டும் மீற்றரைப் பார்த்துத்தான் தொடங்குவேன். குளிரூட்டிய அறையில் வைத்திருந்த மெசினை வெளியே இழுத்து உடனே போட வேண்டாம், வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். வேலை முடிந்தால் சில்லரை இரவு முழுக்க ஓடவும் விடாதீர்கள்.


ரொறன்ரோ வெல்டர்
செவ்வாய், காலை 7.50

மயிலிட்டி சொன்னது பொன். இங்கே எங்களுக்குக் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும் என்ற பயம், உங்களுக்கு அந்தப் பக்கமே போகத் தேவையில்லை. அங்கே மெசினைக் கொல்வது இந்த வியர்வைதான்.


பாசையூர் பைபர்
செவ்வாய், காலை 9.00

பைபர் படகில் அடியில் ஒட்டிய பெயின்றை இதால் எடுக்கலாமா?


மயிலிட்டிக் காற்று
செவ்வாய், காலை 9.12

வேண்டாம் அண்ணை. பைபரும் பிசினும் எரிந்து கருகும், புகையும் கெட்டது, அடிப் பெயின்றில் செம்பு மருந்து வேறு கலந்திருக்கும். நனைத்துச் சுரண்டுவதுதான் நல்லது. பெற்றோல் தாங்கி, எரிபொருள் குழாய் பக்கத்தில் இருந்தாலும் போட வேண்டாம், கழுவி வைத்த தாங்கி என்றாலும்.


பழைய மொறிஸ்
செவ்வாய், பிற்பகல் 3.40

கண்ணைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று, நான் மூச்சைப் பற்றி எழுதுகிறேன். கோண்டாவில் தம்பி, நீங்கள் உரிப்பது ஏ40 என்றீர்கள். அந்தக் காலத்துக் கார்களில் பெயின்றில் ஈயம் இருக்கும், அதைவிடப் பெரிய விசயம், உடல் தகடுகள் சேரும் மூட்டுகளை ஈயத்தை உருக்கித் தடவித்தான் மட்டம் செய்தார்கள். கூரையும் தூணும் சேரும் இடம், பின் சக்கர வளைவு, கதவுத் தூண். பெயின்றுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மெதுவாக ஒரு பகுதி தெரிந்தால், நகத்தால் கீறினால் கோடு விழுந்தால், அது ஈயம். அதில் லேசர் அடித்தால் ஈயம் ஆவியாகும், அந்த ஆவி குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூசியாக அறை முழுக்க நிற்கும்.

கிரைண்டர் தூசி கண்ணுக்குத் தெரியும், இருமல் வரும், நாம் விலகுவோம். லேசரில் புகை மெல்லியது, சுத்தமான வேலை போலத் தோன்றும். கறள் எங்கேயும் மறைந்து போகவில்லை, காற்றுக்குள் போயிருக்கிறது. துணி முகமூடி, சத்திரசிகிச்சை முகமூடி எல்லாம் இதற்குக் காணாது. பி100 அல்லது எப்எப்பி3 என்று போட்ட, முகத்தோடு இறுகிப் பிடிக்கும் முகமூடி. தாடி இருந்தால் பிடிக்காது. அதோடு புகையை அடிக்கும் இடத்திலேயே உறிஞ்சும் குழாய், நுண்தூசி வடிகட்டியோடு. மின்விசிறி வைத்து வெளியே தள்ளினால் ஒழுங்கைக்குத்தான் போகும், அந்தப் பிள்ளைகளின் மூச்சுக்கு.

சிங்கு பூசிய கேற், தகடு அடித்தால் பின்னேரம் காய்ச்சலும் நடுக்கமும் வரும், வெல்டர்மாருக்குத் தெரியும் அந்தக் காய்ச்சல். பால் குடித்தால் சரி என்பது பழைய நம்பிக்கை, புகையை உறிஞ்சுவதுதான் வழி. மஞ்சள்பச்சை நிறத்தில் பழைய அடிப்பூச்சு தெரிந்தால் அது குரோமேற்றாக இருக்கலாம், அது புற்றுநோய் தரும் வகை. பிறேக் கிளீனர் அடித்துத் துடைத்த சாமானில் உடனே லேசர் போடாதீர்கள், குளோரின் கலந்த வகை என்றால் சூட்டில் நஞ்சு வாயு வரும்.

வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையைத்தான் கூடக் கெடுக்கும். பட்டறையிலேயே உடுப்பு மாற்றிக் கை முகம் கழுவ வேண்டும், தூசியைத் தும்புத்தடியால் கூட்டக் கூடாது, நனைத்துத் துடைக்க வேண்டும். என் சொல்லைக் கேட்டால், ஈயம் தடவிய மூட்டுகளை லேசர் இல்லாமல் வேறு வழியில் எடுங்கள். அடிச்சட்டத்துக்கு மட்டும் லேசர்.


கோண்டாவில் கராஜ்
செவ்வாய், இரவு 8.30

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஈய விசயம் எனக்குத் தெரியவே தெரியாது, இரண்டு காரில் அந்தச் சாம்பல் மூட்டைக் கிரைண்டரால் அடித்திருக்கிறேன்.

துப்பாக்கியின் முன்னால் இருக்கும் சின்னப் பாதுகாப்புக் கண்ணாடியில் இப்போதே ஒரு கறுப்புப் புள்ளி தெரிகிறது. துடைக்கலாமா, மாற்ற வேண்டுமா? தகடு வளையாமல் அடிப்பது எப்படி? அன்றைக்கு முதல் தடவை போட்டபோது கதவுத் தகட்டுத் துண்டு ஒன்றிலும் அடித்துப் பார்த்தேன், நீலம் பாய்ந்து கொஞ்சம் வளைந்துவிட்டது.


ரொறன்ரோ வெல்டர்
புதன், காலை 6.05

முதலில், அந்தக் கண்ணாடியை எப்படிப் பார்த்தீர்கள்? கரண்டை முழுதும் நிறுத்தி, சாவியை உங்கள் பொக்கற்றில் போட்டுக்கொண்டுதான் துப்பாக்கியின் வாயைப் பார்க்க வேண்டும். இதை எங்கள் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு பெடியனிடமும் முதல் நாள் சொல்லுவேன்.

கறுப்புப் புள்ளி என்றால் மாற்றுங்கள். தூசி என்றால் துடைக்கலாம், எரிந்த புள்ளியைத் துடைக்க முடியாது. அந்தப் புள்ளி கதிரை உறிஞ்சிச் சூடாகும், கண்ணாடி வெடிக்கும், பிறகு உள்ளே இருக்கும் விலை கூடிய வில்லைகளும் போகும். அதற்காகத்தான் மலிவான அந்தக் கண்ணாடியை முன்னால் வைத்திருக்கிறார்கள். பத்துத் துண்டு வாங்கி மூடிய டப்பாவில் வையுங்கள். மாற்றும்போது காற்றுக் குழாயை மூடி, விசிறியை நிறுத்தி, சோளகக் காற்று அடிக்கும் நேரம் வெளியில் வைத்துச் செய்யாமல் மூடிய அறையில் செய்யுங்கள். துப்பாக்கியைப் படுக்கவைத்துத் திறந்தால் தூசி உள்ளே விழாது, கழற்றிய வாயை உடனே சுத்தமான ஒட்டுநாடாவால் மூடுங்கள். கண்ணாடியின் முகத்தை விரலால் தொடாதீர்கள். துடைப்பதென்றால் நார் விடாத துடைப்புக் குச்சியில் 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல், ஒரே திசையில் ஒரு இழுவை, அந்தக் குச்சியை எறிந்துவிட்டு அடுத்தது.

புதுக் கண்ணாடியும் சீக்கிரம் எரிகிறது என்றால் காற்றைப் பாருங்கள். முன்வாயால் வரும் காற்றுத்தான் புகையைக் கண்ணாடிக்குத் திரும்பவிடாமல் தள்ளுகிறது. அந்தக் காற்றில் கொம்பிரசர் எண்ணெயோ தண்ணீரோ வந்தால் அதுவே கண்ணாடியில் படிந்து எரியும். உங்கள் ஊர் ஈரத்துக்குத் தாங்கியைத் தினமும் வடியுங்கள், எண்ணெயும் தண்ணீரும் பிரிக்கும் வடிகட்டி இரண்டு வையுங்கள், முடிந்தால் காற்று உலர்த்தி. வெள்ளைக் கடதாசி ஒன்றைக் காற்று வாய்க்கு முன் ஒரு நிமிடம் பிடித்தால் எண்ணெய் தெரிந்துவிடும். (அதுவும் லேசர் நிறுத்தியிருக்கும்போதுதான்.)

தகடு வளைவது இந்த மெசினின் குணம். தொடர்ந்து அடிப்பதால் சூடு உள்ளே இறங்கும். தடித்த அடிச்சட்டம் தாங்கும், கதவுத் தகடு தாங்காது. அந்த வேலைக்கு விட்டு விட்டு அடிக்கும் வகைதான் பொருத்தம், வாட் குறைவு, மெதுவானது, விலை கூடியது, ஆனால் தகட்டைச் சுடாது. இருப்பதை வைத்துச் செய்வதென்றால் சக்தியைக் குறைத்து, வீச்சை அகலமாக்கி, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல், கழிவுத் துண்டில் பழகுங்கள். நேர் செங்குத்தாகப் பிடித்தால் தெறிப்பு துப்பாக்கிக்குள்ளேயே திரும்பி வரும், கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள், சரித்தால் எந்தச் சுவருக்குப் போகிறது என்று முதலே பாருங்கள். குரோம், பளபளப்பான அலுமினியம் வேண்டவே வேண்டாம். மெசினிலிருந்து துப்பாக்கிக்குக் கதிரைக் கொண்டு வரும் பைபர் குழாயை இறுக்கி வளைக்காதீர்கள், மிதிக்காதீர்கள், அதற்கு மேலால் வண்டி உருட்டாதீர்கள்.

தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில், வேலை முடிந்து அரை மணி நேரம் யாராவது பட்டறையில் நிற்க வேண்டும்.


மயிலிட்டிக் காற்று
புதன், காலை 8.20

ஒன்று மறந்துபோனேன். லேசர் எடுத்த இரும்பு வெறும் இரும்பு, கடற்காற்றில் ஒரு இரவிலேயே செம்மஞ்சளாகிவிடும். குழிக்குள் இருக்கும் உப்பு முழுதும் போய்விட்டது என்று நம்பாதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து, அன்றைக்கே அடிப்பூச்சு அடியுங்கள்.


கோண்டாவில் கராஜ்
மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 7.50

நிலவரம் எழுதுகிறேன். கொட்டகையின் மூலையில் 12 அடிக்கு 14 அடி அறை ஒன்று கல்லால் கட்டினோம், யன்னல் இல்லை, கதவு இரும்புத் தகடு, கதவுச் சுவிட்ச் வைத்தாயிற்று, திறந்தால் மெசின் நிற்கிறது, பத்துத் தடவை பார்த்தேன். வெளியே சிவப்பு விளக்கு. உள்ளே ஒரு கமரா, பார்க்க விரும்பும் வாடிக்கையாளர் வெளியே திரையில் பார்க்கட்டும், தெறித்தால் கமரா போகும், கண் போகாது. புகை உறிஞ்சி வந்துவிட்டது. கரண்ட் வேலை அண்ணை நேரில் வந்து எர்த் புதிதாக இறக்கித் தந்தார், காசு வாங்க மாட்டேன் என்றவருக்குத் தேத்தண்ணி மட்டும் கொடுக்க முடிந்தது.

கண்ணாடி மூன்று வந்தது. நல்ல பெட்டி, ஈஎன் 207 இருக்கிறது, டி இருக்கிறது, எல்பி 7 இருக்கிறது. நேற்று இரவு பெடியனை வைத்து எண்ணை வாசிக்கச் சொன்னேன். 900 இலிருந்து 1070 வரை என்று வாசித்தான். பிறகு தானே மெசின் பின்னால் போய்த் தகட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணை, எங்களுடையது 1080" என்றான்.

நான் கவனிக்கவில்லை. அவன்தான் பிடித்தான். மூன்றையும் திருப்பி அனுப்பிவிட்டேன், சரியானது வர இன்னும் இரண்டு கிழமை என்கிறார்கள். ஏ40 இன் சொந்தக்காரர் அவசரப்படுகிறார், அவருக்குக் கம்பித் தூரிகையில் தொடங்கியிருக்கிறோம்.


லேத் ஐயா
சனி, இரவு 8.05

சாவி எங்கே?


கோண்டாவில் கராஜ்
சனி, இரவு 8.07

அம்மாவின் அலுமாரிக்குள், ஐயா.